விசுவாச அறிக்கையும் மனிதத் தோற்றமும்: அமெரிக்கக் கிறித்தவக் கல்லூரிகள் மூன்றின் அறிக்கைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் புராட்டஸ்டன்ட் கல்லூரிகள் பலவற்றில் பேராசிரியராகப் பணியாற்ற விசுவாச அறிக்கையில் கையொப்பமிடுவது கட்டாயமாகும். மனிதத் தோற்றம் பற்றிய பேராசிரியர்களின் கருத்துகளை அவ்வறிக்கைகள் எவ்வாறு வரையறுக்கின்றன என்பதை வீட்டன், பிரையன், கால்வின் ஆகிய மூன்று கல்லூரிகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விசுவாச அறிக்கை, ஆதாம், பரிணாமம், கல்விச் சுதந்திரம், பொருள்கோள்

முன்னுரை

விசுவாச அறிக்கை அறிவியலை ஒடுக்குகிறது என்பது ஒரு சாரார் கருத்து. அது நிறுவனத்தின் சமய அடையாளத்தைக் காக்கிறது என்பது மறு சாரார் கருத்து. இரு சாராரும் அறிக்கையை என்றும் ஒரே பொருள் தரும் பனுவலாகவே கொள்கின்றனர். அறிக்கைகளின் சொற்களை ஒப்பிட்டு நோக்கின், இக்கோள் பொருந்தாமை புலனாகும். உலகின் வயது குறித்து இம்மூன்று கல்லூரிகளின் அறிக்கைகளும் வரையறுத்து எதுவும் கூறவில்லை. சிக்கல் முழுவதும் ஆதாம், ஏவாள் என்னும் ஒரு புள்ளியிலேயே குவிகிறது.

வீட்டன்: சேர்க்கப்பட்டதும் விடப்பட்டதும்

இல்லினாய் மாநிலத்திலுள்ள வீட்டன் கல்லூரி 1926இல் விசுவாச அறிக்கையை ஏற்றது. 1961இல் அங்கு நடைபெற்ற தோற்றம் பற்றிய கருத்தரங்கு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன்பின், மனிதன் கடவுளின் நேரடிச் செயலால் படைக்கப்பட்டான், முன்பிருந்த உயிர்வடிவங்களிலிருந்து தோன்றவில்லை என்னும் விளக்கம் சேர்க்கப்பட்டது. பின்னர் திருத்தப்பெற்ற இன்றைய அறிக்கை, கடவுள் ஆதாமையும் ஏவாளையும் நேரடியாகப் படைத்தார் என்கிறது. உயிர்வடிவங்கள் பற்றிய மறுப்புத் தொடர் அதில் இல்லை. 'நேரடியாக' என்னும் ஒரு சொல்லின் பொருள் எல்லைக்குள்தான் அங்குள்ள உயிரியல் பேராசிரியரின் சிந்தனைக்கு இடம் கிடைக்கிறது.

பிரையன்: தெளிவுரை என்னும் திருத்தம்

பரிணாமத்தைக் கற்பித்ததற்காக 1925இல் ஸ்கோப்ஸ் வழக்கு நடைபெற்ற டென்னசி மாநில டேட்டன் நகரில், 1930இல் பிரையன் கல்லூரி தொடங்கப்பட்டது. மனிதன் கடவுளின் ஆணையால் தோன்றினான் என்பது அதன் தொடக்க அறிக்கை. அந்த ஆணை எவ்வாறு நிறைவேறியது என்பதை அறிக்கை கூறவில்லை. 2014இல் ஆட்சிக்குழு ஒரு தெளிவுரையை இணைத்தது. ஆதாமும் ஏவாளும் வரலாற்று மாந்தர். அவர்கள் முன்பிருந்த உயிர்வடிவங்களிலிருந்து தோன்றவில்லை என்பது அதன் சாரம். வீட்டன் கைவிட்ட தொடரைப் பிரையன் ஏற்றுக்கொண்டமை இங்குக் கருதத்தக்கது. அறிக்கையைத் திருத்தக் கல்லூரியின் சாசனம் இடந்தரவில்லை. ஆகவே இது திருத்தமன்று, தெளிவுரையே என்று நிருவாகம் கூறியது. பேராசிரியர்கள் கல்லூரித் தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினர். இருவர் நீதிமன்றத்தை நாடினர். பெயர் எதுவாயினும், முன்னர் இரு பொருளுக்கு இடமளித்த தொடர் இப்போது ஒரு பொருளுக்கே உரியதாயிற்று.

கால்வின்: மாறாத பனுவல், மாறும் உரை

மிச்சிகன் மாநிலக் கால்வின் கல்லூரியின் (2019 முதல் பல்கலைக்கழகம்) பேராசிரியர்கள் பெல்ஜிக் விசுவாச அறிக்கை (1561), ஹைடல்பர்க் வினாவிடை (1563), டோர்ட் நியமங்கள் (1618–19) ஆகியவற்றுக்கு உடன்பட வேண்டும். டார்வினின் நூல் வெளிவந்த 1859க்கு இவை மிகவும் முற்பட்டவை. பரிணாமம் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. எனவே கட்டுப்பாடு பனுவலிலிருந்து அன்றி, உரைகாரரிடமிருந்தே பிறக்கிறது. கல்லூரி சார்ந்த திருச்சபையின் சினாடு, மனிதனுக்குப் பரிணாம மூதாதையர் உண்டு என்னும் கருத்தை 1991இல் விலக்கியது. அத்தீர்மானத்தை 2010இல் கைவிட்டது. அதே ஆண்டில் சமயவியல் பேராசிரியர்களான டேனியல் ஹார்லோவும் ஜான் ஷ்னைடரும் ஆதாமின் வரலாற்றுத் தன்மையை மறுபரிசீலனை செய்யும் கட்டுரைகளை வெளியிட்டனர். சர்ச்சை எழுந்தது, 2011இல் ஷ்னைடர் கல்லூரியுடன் உடன்பாடு செய்துகொண்டு விலகினார், ஹார்லோ தொடர்ந்தார். தீர்மானம் நீங்கிய பின்னும் உரை மரபின் அழுத்தம் நீங்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

சமய நோக்கத்தால் கல்விச் சுதந்திரத்திற்கு வரம்பு விதிக்கப்படின், அது பணியமர்த்தும்போதே எழுத்தில் தெளிவாக உரைக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940ஆம் ஆண்டு அறிக்கை வலியுறுத்துகிறது. இவ்வளவுகோலின்படி, சமயக் கல்லூரி அறிக்கை வைத்திருப்பது குறையன்று. ஒரு தொடரை நம்பிப் பணியேற்றவரிடம் பின்னர் வேறொரு தொடருக்கு உடன்பாடு கோருவதே குறை. பிரையனில் நிகழ்ந்தது இதுவே.

மேலும், கையொப்பம் நம்பிக்கைக்கு முழுச் சான்றாகாது. ஆதாமைப் பற்றிய தொடரை ஒருவர் மனமார ஏற்றிருக்கலாம்; தமக்குரிய பொருளில் ஏற்றிருக்கலாம்; பணி கருதி வாளாவிருந்திருக்கலாம். இம்மூவரின் கையொப்பமும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, பேராசிரியர்களின் கருத்தை அறிக்கை உருவாக்குகிறது என்பதைவிட, எக்கருத்து வெளியே கேட்கப்படலாம் என்பதை அது தீர்மானிக்கிறது என்பதே பொருந்தும். இத்துறை ஆய்வுகள் அறிக்கையின் சொற்களோடு, அவற்றுக்குப் பொருள் கூறும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.