மரக்காணம் உப்பும் அயோடின் கணக்கும்

ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். தாய்சேய் ஊட்டக்குறைவை எதிர்க்கும் உலகக் கூட்டணிகளை எடைபோட இது நல்ல இடம். அவை பெரிதும் நம்பிய பண்டம் இந்தப் பாத்திகளில்தான் விளைகிறது.

அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும் என்பது பலருக்குத் தெரியும். பெரிய சேதம் கருவிலேயே நடந்துவிடுகிறது: தாய்க்கு அயோடின் போதாவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். அயோடின் கலந்த உப்பால் கழலை குறையும் என்று 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு காட்டியது. 1990இல் நியூயார்க்கில் கூடிய குழந்தைகளுக்கான உலக உச்சி மாநாடு, 2000க்குள் இக்குறைபாட்டை ஒழிக்க இலக்கு வைத்தது. யுனிசெஃப், கனடாவின் நியூட்ரிஷன் இன்டர்நேஷனல், கிவானிஸ் சங்கங்கள் எனப் பலரும் கைகோத்தனர்.

உப்பைத் தேர்ந்தெடுத்தது அபாரமான யோசனை. இருப்பவரும் இல்லாதவரும் அன்றாடம் உண்பது அது. விளையும் இடங்களும் சில. அங்கேயே பொட்டாசியம் அயோடேட்டைத் தெளித்தால் போதும். எந்தத் தாயும் எங்கும் வரிசையில் நிற்க வேண்டாம். செலவும் சொற்பம்.

ஆனால் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் புழங்கும் வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9. கடைசி இடம் நமக்கு, இவ்வளவு உப்பை விளைவித்துக்கொண்டே! நம் சமையலறைக்குக் கல்லுப்பு வேண்டும். ஈரம் கோத்த கல்லில் அயோடின் சீராகப் பரவாது. திறந்த சாக்கில் கிடந்தால் இன்னும் குறையும். சட்டமும் நிலையாக நிற்கவில்லை. அயோடின் சேர்க்காத சமையல் உப்பு விற்க 1998இல் தடை, 2000இல் தளர்வு, 2006இல் மீண்டும் தடை. 2011இல் அந்த விதியே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், பிறகு உணவுப் பாதுகாப்பு விதிகள் வழியே மறுபடி வந்தது. பெரிய பாக்கெட் நிறுவனத்துக்கு இது தலைவலி. கருவி, ரசாயனம், பரிசோதனை என எல்லாவற்றுக்கும் கைக்காசு போடும் சிறு அளக்காரருக்கோ பிழைப்பே ஆட்டம் காணும். கூட்டணியின் பார்வை பாக்கெட்டில் பதிந்த அளவு பாத்தியில் பதியவில்லை என்பேன்.

உப்பின் வெற்றி இன்னொரு ஆசையையும் கிளப்பியது: இரும்பையும் அதிலேயே சேர்த்தால் என்ன? தமிழ்நாடு உப்புக் கழகத்தின் இருசத்து உப்பு சத்துணவுக்குப் போனது; 2014இல் அம்மா உப்பாகவும் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலோ மாநிலத்தின் சிறு குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை. உப்பு பயனற்றது என்பதற்கு இது சான்றல்ல. தட்டில் கீரையும் பருப்பும் முட்டையும் குறைந்ததைச் சிட்டிகை உப்பால் ஈடுகட்ட முடியாது என்பதற்குச் சான்று. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு தின்னச் சொல்லும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரையையும் மறந்துவிடக்கூடாது.

உலக வங்கிக் கடனில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வேறு வழியில் போனது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. உள்ளூர்ப் பெண்ணே பணியாளர். செலவு அதிகம், உழைப்பும் அதிகம். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை நலிகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. உப்புத் திட்டத்துக்கு இந்தக் கண் இல்லை.

அதனால்தான் உப்பு வாரும் பெண் அதன் கணக்கில் வருவதேயில்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு எனத் தெரிந்தது. அளத்தில் நிழல் ஏது? மழை தொடங்கினால் கூலியும் நின்றுவிடும். 2022இல் மாநில அரசு அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது. ஊட்டச்சத்துத் திட்டங்களின் பட்டியலில் இது வராது. என்னைக் கேட்டால் வர வேண்டும்: ஐப்பசி, கார்த்திகையில் அந்த வீட்டுக் குழம்பில் பருப்பு விழுமா என்பதில் அயோடினைவிட இந்தப் பணத்துக்கே பங்கு அதிகம்.