திராட்சைக்கு மட்டும் நிறம்

கம்பம் பள்ளத்தாக்கில் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு நோட்டில் ஒட்டிவைப்பவர்களுக்கு ஸ்னாப்சீட் செயலி ஒன்றே போதும். எனக்கு மிகப் பிடித்தது அதிலுள்ள பிரஷ். பன்னீர் திராட்சைப் பந்தல் படத்துக்குக் கறுப்பு வெள்ளை கொடுத்துவிட்டு, அந்த மாற்றத்தை இலை, கொடி, கம்பி மீது மட்டும் விரலால் தடவ வேண்டும். குலையைத் தொடக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பொறுமையாகத் தடவினால், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பழம் கருநீலமாகத் தனித்து நிற்கும். தோலில் படிந்த வெண்பூச்சுகூடத் தெரியும். என்ன அழகு!

செபியா பழுப்பை மட்டும் அளவோடு வையுங்கள். படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்பைடாக்கி நீடிக்கவைத்த பழைய வேதிமுறையின் சாயல் அது. 1895-இல் திறந்த பெரியாறு அணைக்குப் பொருந்தும். சுருளி அருவியின் பச்சைக்கு வேண்டவே வேண்டாம். பிரிண்டுக்குமுன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், தாளில் சற்று இருட்டாகத்தான் விழும்.