பைத்தியக்காரியோடு ஒரு மலையேற்றம்

"எஞ்சின் சூடாகும்வரை அவளை விரட்டாதீர்கள்." சாவியைத் தரும்போது உரிமையாளர் சொன்னது இவ்வளவுதான். அவள் பெயர் மட்டா. இத்தாலிய மொழியில் பைத்தியக்காரி என்று அர்த்தம்.

ஆவணங்களில் இவள் ஆல்ஃபா ரோமியோ 1900 எம். ராணுவத்துக்குப் போனவை ஏஆர் 51. 1951 முதல் 1954 வரை சுமார் 2,000 வண்டிகள் செய்ததோடு சரி. நான் ஓட்டியது முழுதாகப் புதுப்பித்த வண்டி. ஓட்டிய இடம் அசிசி ஊருக்கு மேலே, சுபாசியோ மலையின் வெள்ளைச் சரளைப் பாதை. பச்சைப் பெயின்ட்டைப் பளபளக்க விடாமல் மங்கலாகவே அடித்திருந்தார்கள். ராணுவ வண்டியைக் கல்யாணக் கார்போல மினுக்குகிறவர்கள் கவனிக்க. இருக்கை மெத்தைதான் கொஞ்சம் சொகுசு கூடிவிட்டது.

பார்வைக்கு வில்லீஸ் ஜீப்பின் தங்கை. பானெட்டைத் தூக்கினால் வேறு சாதி. 1900 செடான் காரிலிருந்து வந்த 1,884 சிசி எஞ்சின், தலைக்கு மேல் இரண்டு கேம்ஷாஃப்ட், 65 குதிரைசக்தி. ஜீப்புக்கு எதற்கு இதெல்லாம் என்று அன்றே கேட்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம் அதைவிட விசித்திரம்: டிரை சம்ப். சாதாரண எஞ்சினில் ஆயில் அடியிலுள்ள சேம்பரில் கிடக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், பேரிங் போச்சு. மட்டாவில் ஆயிலுக்குத் தனித் தொட்டி. வண்டி எப்படிச் சாய்ந்தாலும் ஓட்டம் நிற்காது. ரேஸ் காருக்கான ஏற்பாடு, மலையாட்டுக்கும் பொருந்திவிட்டது. அசிசியில் புனித பிரான்சிஸ் பசிலிக்காவின் படிக்கட்டில் இதை ஏற்றிக் காட்டி விளம்பரம் செய்தார்கள். நான் படிக்கட்டு பக்கமே போகவில்லை.

ஏற்றத்தில் லோ கியர் போட்டதும் உறுமல் மாறுகிறது. ஜீப்பின் முனகல் இல்லை; மிதிக்க மிதிக்கப் பாடுகிறது. முன்சக்கரங்கள் டார்ஷன் பாரில் தனித்தனியாக ஏறி இறங்குவதால் ஸ்டீயரிங் கையை உதைப்பதில்லை. பின்னால் ஸ்பிரிங் பட்டைதான்; குழி வந்தால் முதுகுக்குத் தெரியும். இறக்கத்தில் கியரைக் குறைக்கக் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்தேன், இரண்டில் ஒரு தடவை பல் கடித்தது. தப்பு என் காலில். டிரம் பிரேக்கை நம்பி இறங்காதீர்கள், கியரை நம்புங்கள்.

105 கிலோமீட்டர் வேகம் போகும் என்பது கம்பெனிக் கணக்கு. 60-லேயே காற்றில் தொப்பி போய்விட்டது.

இவ்வளவு கெட்டிக்காரி ஏன் தோற்றாள்? 1952 மில்லே மிலியா பந்தயத்தில் ராணுவ வண்டிகள் பிரிவில் ஃபியட் கம்பனோலாவை முந்தி ஜெயித்தாள். ராணுவமோ கம்பனோலாவைத்தான் பிடித்துக்கொண்டது. அது 53 குதிரைசக்திதான். ஆனால் விலை குறைவு, முகாமில் எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டலாம். முதல் தலைமுறைக் கம்பனோலா 1973 வரை ஓடியது. ராணுவத்தின் கணக்கு தப்பில்லை. கேம்ஷாஃப்ட் டைமிங் பார்க்கத் தெரிந்த ஆளைச் சேற்றில் எங்கே தேடுவது?

தினசரிக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. வாங்கும் யோசனை இருந்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே அந்த இரட்டை கேம் எஞ்சின் இல்லையென்றால், பேசாமல் கம்பனோலாவே வாங்கிவிடலாம்.