இடுகுறியும் தன்னிச்சையும்: 'ஆர்பிட்ரரி' என்னும் பெயரடையின் தமிழாக்கம்

தில்லியில் யமுனையின் கீழ்க்கரையில் அமைந்த குடியிருப்புப் பகுதி மயூர் விஹார். மயில் உலவும் இடம் என்பது அதன் சொற்பொருள். எனினும் முகவரி எழுதுவோர் எவரும் மயிலை நினைப்பதில்லை. காரணம் கூறத்தக்க பெயரும் வழக்கில் இடுகுறிபோல் நிற்கும் என்பதற்கு இது சான்றாகும். நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாட்டை அடியொற்றியே, சசூர் (1916) குறியின் இயல்பாகக் கூறிய 'ஆர்பிட்ரரி' என்பதனை நம் மொழியியலார் 'இடுகுறித் தன்மை' எனப் பெயர்த்தனர். பொருத்தமான ஆக்கம். மரம் ஏன் மரம் எனப்பட்டது என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. ஈண்டுக் காரணமின்மை குறையன்று.

ஆற்றின் மறுகரையில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் இதே சொல் குற்றச்சாட்டாகிறது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த இ. பி. ராயப்பா தம் பணிமாற்றத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் (1973), இத்தன்மை சமத்துவத்திற்குப் பகையானது என நீதிபதி பகவதி கருத்துரைத்தார். மனுதாரர் தோற்றார், கருத்து நிலைபெற்றது. இச்சட்டப் பொருளுக்குத் தமிழில் பெரிதும் வழங்குவது 'தன்னிச்சையான' என்பதாம்.

இவ்வாக்கம் ஏற்புடையதன்று. 'தன்னிச்சையாக வளர்ந்த செடி' என்புழிக் குற்றம் யாது? இச்சொல் சுட்டுவது செய்வோனின் விருப்பத்தை; நீதிமன்றம் வினவுவதோ செயலின் காரணத்தை. இலத்தீன் மூலத்தில் இது நடுவரின் முடிவுக்கு விடப்பட்டது என்றே பொருள்பட்டது. பழிப்புப் பின்னர் ஏறியது. ஆகவே, 'தன்னிச்சை' மூலப்பொருளுக்கு அணுக்கமானதே என வாதிடலாம். ஆயின் இன்றைய சட்ட வழக்கு அதனைக் கடந்துவிட்டது. முத்தலாக் வழக்கில் (2017) நீதிபதி நரிமன், சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையும் இக்குறை பற்றிச் செல்லாததாக்கலாம் என்றார். பலர் கூடி, விவாதித்து, வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தில் யாருடைய தன்னிச்சையைக் காண்பது? மேலும், அவர் அதே இடத்தில் மனம்போன போக்கு, பகுத்தறிவின்மை, போதிய நெறியின்மை ஆகியவற்றை வேறுபடுத்தியே கூறுகிறார். 'தன்னிச்சை'யோ இவற்றுள் முதலாவதை மட்டுமே தொடுகிறது.

2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழாக்கம் பெற்று வெளியிடப்படுவதால் இஃது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. சட்டப் பொருளில் 'தக்க காரணமற்ற' என்பதனையே பரிந்துரைக்கலாம். 'காரணமற்ற' என வாளா கூறின் இடுகுறியோடு மயங்கும். 'தக்க' என்னும் அடையே பழிப்பைத் தாங்குகிறது. கணிதத்தில் இவ்விரண்டும் வேண்டா. 'ஏதேனும் ஓர் எண்' என்பதே போதும். பெயர்ச்சொல் வடிவில் மட்டும் இடர் உண்டு: 'வெளிப்படையான தக்க காரணமின்மை' என்னும் தொடரில் 'வெளிப்படையான' என்பது காரணத்தைத் தழுவுமா, இன்மையைத் தழுவுமா என்னும் ஐயம் எழும். அவ்விடத்து 'தக்க காரணமின்மை வெளிப்படை' எனத் தொடரை மாற்றியமைத்தல் நலம்.