பெயர் எழுதிய தாள்கள்

குழந்தைகள் எல்லோரும் கலைஞர்கள் என்று சொல்வது இன்று யாருக்கும் எந்தச் செலவும் வைக்காத வாக்கியம். அமைச்சர் சொல்கிறார். வங்கி மேலாளர் சொல்கிறார். பரிசுக் கோப்பையை எடுத்துக்கொடுக்க மேடையேறும் நகைக்கடை முதலாளியும் சொல்கிறார். இதை முதலில் நம்பிச் சொன்னவர்களுக்கு இது இத்தனை மலிவாக இருக்கவில்லை. பள்ளிக்கூடங்களும் கலைக்கூடங்களும் குழந்தையின் கிறுக்கலைத் திருத்த வேண்டிய பிழையாக மட்டுமே பார்த்த காலத்தில் அவர்கள் இதைச் சொன்னார்கள். வாக்கியம் மலிவானதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. குழந்தைகளிடம் அக்கறை இல்லாத எழுத்தாளர்களும் அதைக் கவனிப்பது நல்லது. ஏனென்றால் சுயமான வெளிப்பாடு, சுதந்திரம், பாதிப்பு என்று நாம் இலக்கியத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளும் சமாச்சாரங்கள் எல்லாம் இலவச ஓவிய வகுப்பு என்ற இந்தச் சிறிய காரியத்துக்குள் ஸ்தூலமாகக் கிடைக்கின்றன.

ஃப்ரான்ஸ் சிஸெக் 1865இல் பொஹீமியாவில் லைட்மெரிட்ஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். ஓவியம் படிக்க வியன்னாவுக்கு வந்து ஒரு தச்சர் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினார். அந்த வீட்டுக் குழந்தைகள் அவரைப்போல் வரைய வேண்டும் என்று கேட்டபோது பென்சிலையும் வர்ணத்தையும் கொடுத்தார். அவர்கள் வரைந்தது அவர் அகாடமியில் கற்றுக்கொண்டிருந்தது எதையும் போல இல்லை. நண்பர்களிடம் காட்டினார். அந்த நண்பர்கள் கிளிம்ட்டும் அவரோடு சேர்ந்து ஸெஸெஷன் இயக்கத்தை உண்டாக்கியவர்களும். 1897இல், ஸெஸெஷன் பிறந்த அதே ஆண்டில், சிஸெக்கின் சிறுவர் வகுப்பும் தொடங்கியது. பின்னர் அது வியன்னாவின் கைவினைக் கலைப் பள்ளியோடு இணைக்கப்பட்டது. வார இறுதியில் வகுப்பு. கட்டணம் கிடையாது. வரைவதோடு காகிதம் வெட்டுவது, லினோலியம் செதுக்கி அச்செடுப்பது, களிமண், மரம், துணி என்று கைக்கு அகப்படும் எல்லாவற்றிலும் வேலை. தான் கற்பிப்பதில்லை, தடையாக இருப்பதை அகற்றுகிறேன் என்பதே சிஸெக்கின் நிலை. உலகம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

நான் அந்த வகுப்பில் செய்யப்பட்ட படங்களை அச்சுப் பிரதிகளில்தான் பார்த்திருக்கிறேன். அழகானவை. அழகைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பத்துப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. தாளை ஓர் இடம் விடாமல் நிரப்பும் உருவங்கள். தட்டையான, அழுத்தமான வர்ணம். பூக்களும் மாலைகளும் ஓரங்களைப் பின்னிக்கொண்டு போகும் அலங்காரம். இவை வெவ்வேறு குழந்தைகளின் கைகள் என்றால், எல்லாக் கைகளும் ஒரே வியன்னாவை, அந்தச் சில ஆண்டுகளின் வியன்னாவை, எப்படிக் கண்டன? ஃபிரான்செஸ்கா வில்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சிஸெக்கின் வகுப்பொன்றில் உட்கார்ந்து பார்த்து ஒரு சிறு பிரசுரம் எழுதியிருக்கிறார். அன்றைய விஷயம் இலையுதிர்காலம். முதலில் தாளில் சட்டம் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் ஆசிரியர். உருவம் சட்டத்தின் மேலிருந்து கீழ்வரை எட்ட வேண்டும் என்கிறார். இது கற்பித்தல் இல்லையென்றால் வேறு எதுதான் கற்பித்தல்?

சிஸெக் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. தன் கை படங்களில் இருப்பது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் விஷயம். தன் காலத்தின் ரசனையைக் குழந்தையின் இயல்பு என்று நினைத்துக்கொண்டார். ஸெஸெஷன்காரர்களுக்கு அகாடமியை எதிர்க்க ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நாட்டுப்புறக் கலையும் ஜப்பானிய அச்சுகளும் கிடைத்ததுபோலக் குழந்தையும் கிடைத்தது. 1908இல் வியன்னாவில் கிளிம்ட் குழுவினர் நடத்திய பெரிய கண்காட்சியில், கொகொஷ்கா முதன்முதலாகக் கவனத்துக்கு வந்த அதே கண்காட்சியில், சிஸெக்கின் குழந்தைகளுக்கும் இடம் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு வியன்னாவின் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். 1920இல் வில்சனின் முயற்சியில் ஸேவ் த சில்ட்ரன் நிதிக்காக இந்தப் படங்கள் இங்கிலாந்துக்குப் போயின. ஊர் ஊராகக் காட்டப்பட்டன. அச்சுகளும் அஞ்சலட்டைகளும் விற்றன. பசித்த ஊரிலிருந்து வந்த படங்களில் பசி இல்லை. வசந்தம் இருந்தது, தேவதைகள் இருந்தார்கள். வாங்கியவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. காசு நல்ல காரியத்துக்குப் போயிற்று, மறுக்கவில்லை. ஆனால் குழந்தையின் படம் பெரியவர்களின் ஆறுதலுக்கான பண்டமாக மாறியதும் இங்கேதான். கற்பிக்கவே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் வகுப்புக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சொல்லப்படாத விதியைக் குழந்தை மீற முடியாது. அது விதி என்பதே அதற்குத் தெரியாது.

நம் சூழலுக்கு சிஸெக்கின் வார்த்தைகள் வந்து சேர்ந்தன; வகுப்பு வரவில்லை. நம்மிடம் இருந்தவர் டிராயிங் மாஸ்டர். அவர் கரும்பலகையில் குடம் வரைவார், நாற்பது பிள்ளைகள் நாற்பது குடம் வரைவார்கள். அதற்கு மேல் ஆசைப்படுகிறவனுக்கு ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் பரீட்சை. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் குடம் குடம்தான் என்பதில் அவரிடம் ஒளிவுமறைவு இருக்கவில்லை. இப்போது கோடை விடுமுறையில் மண்டபங்களிலும் நூலகங்களிலும் நடக்கும் இலவச முகாம்களில் பேச்சு சிஸெக்குடையது, காரியம் டிராயிங் மாஸ்டருடையது. உங்கள் கற்பனையைச் சுதந்திரமாகப் பறக்கவிடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். பிள்ளைகள் குனிந்து இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, வளைந்து வரும் ஆறு, வானத்தில் நான்கு காக்கைகள் என்று வரைகிறார்கள். அந்த ஊரில் மலையே இருக்காது. இந்தப் படத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். பரிசு வாங்கிய படங்களைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைகள் தாமாகவே தெரிந்துகொண்ட சட்டம் அது. 1949இல் தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கி, விரைவிலேயே உலகக் குழந்தைகளுக்கெல்லாம் விரிந்த போட்டி, குழந்தைகளின் படத்தைப் பெரியவர்கள் பொருட்படுத்திப் பார்க்க வைத்தது. அதன் நோக்கத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் போட்டி என்ற வடிவம் மட்டும் பரவி, பார்ப்பது என்ற காரியம் பின்தங்கிவிட்டது.

ஒரு போட்டிக்கு நடுவராக என்னை அழைத்திருந்தார்கள். விஷயம் கடற்கரை. ஒரு தாள் முழுக்கக் கறுப்பு மெழுகு. மெழுகுக்கட்டி முறிந்து, முறிந்த துண்டைப் பிடித்துத் தேய்த்த தடம்கூடத் தெரிந்தது. வலது கோடியில் மிளகளவுக்கு மஞ்சள். இரவுக் கடலும் படகு விளக்கும். எங்கள் கையில் இருந்த முந்நூறு சொச்சத் தாள்களில் கண்ணால் பார்த்து வரைந்தது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. மற்ற இருவரும் கலர் அடிக்கத் தெரியாத பிள்ளை என்றார்கள். மலைச் சூரியனுக்குப் பரிசு போயிற்று. கடற்கரை என்று தலைப்புக் கொடுத்தும் மலைதான். இது போகட்டும், ரசனை விவகாரம். அந்தப் படத்தை வரைந்தது யார் என்று கேட்டேன். பாரபட்சம் கூடாது என்பதற்காகத் தாளில் எண் மட்டும் போடச் சொல்லியிருந்தார்கள். எண்ணுக்குரிய பட்டியலில் பரிசு பெற்றவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டதும் பட்டியலின் வேலை முடிந்துவிட்டது. தாள்களைக் கட்டாகக் கட்டி எடுத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் படம் திரும்பக் கிடைத்திருக்காது.

சிஸெக் பிறந்த லைட்மெரிட்ஸிலிருந்து ஆற்றைக் கடந்து சிறிது தூரம் போனால் டெரெசின். பழைய கோட்டை நகரம். நாஜிகள் அதை யூதர்களுக்கான கெட்டோவாக ஆக்கினார்கள். அங்கிருந்து கிழக்கே கொலை முகாம்களுக்கு ரயில்கள் போயின. 1942 டிசம்பரில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் கணவரோடு அங்கே கொண்டுவரப்பட்டார். வியன்னாக்காரர். இளம் வயதில் சிஸெக்கிடம் படித்தவர். பிறகு யோஹன்னஸ் இட்டனிடம். இட்டனைத் தொடர்ந்து வைமாருக்குப் போய் பௌஹவுஸில். 1934இல் வியன்னாவில் அரசியல் காரணமாகக் கைதாகி, பின் பிராகுக்குப் போய் அகதிக் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கெட்டோவுக்கு எடுத்துவர அனுமதித்த சுமையில் பெரும்பகுதி வரைபொருள்களும் காகிதமும் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டெரெசினில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தடை. பாட்டுக்கும் படத்துக்கும் பொழுதுபோக்கு என்று விட்டுவைத்திருந்தார்கள். அந்த இடுக்கில் வகுப்பு நடந்தது.

இந்த வகுப்பில் சுதந்திரம் பற்றிய பேச்சு குறைவு, பயிற்சி அதிகம். ஆசிரியர் தாளம் சொல்ல, அதற்கேற்பக் கோடு இழுக்க வேண்டும். இட்டனின் முறை அது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்து அதன் சொரசொரப்பு கோட்டில் வரும்வரை வரைய வேண்டும். வெர்மீர் போன்ற பழைய ஓவியர்களின் படங்களைக் கிழித்த காகிதங்களால் திரும்பக் கட்ட வேண்டும். காகிதத்துக்கு வழியில்லாததால் அலுவலகப் படிவங்கள் வெட்டி ஒட்டப்பட்டன. அந்த ஒட்டுப்படங்களில் வீட்டுக்கூரைக்கும் மரத்துக்கும் ஊடே படிவத்தின் கட்டங்களும் அச்செழுத்துக்களும் தெரிகின்றன. வியன்னாப் படங்களுக்குப் பக்கத்தில் இவற்றை வைத்தால் வித்தியாசம் உறைக்கிறது. இங்கே ஒரு கை இன்னொரு கையைப்போல இல்லை. ஒருத்தி தாளின் மூலையில் ஒதுங்குகிறாள். ஒருவன் கோடுகளைக் கொட்டித் தீர்க்கிறான். ஒரு படம் பாதியில் நிற்கிறது, நிற்கவிடப்பட்டிருக்கிறது. விதி வெளிப்படையாக இருந்ததால் குழந்தைக்கு அதில் தன்னுடையது எது என்று தெரிந்தது. 1943இல் கெட்டோவில் மற்ற ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரையில், குழந்தைகளைத் தம்மைப்போல ஆக்கிவிடப் பெரியவர்களுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று டிக்கர் கேட்டிருக்கிறார். எல்லோரையும் ஓவியராக்குவது தன் வேலை இல்லை என்றும் சொன்னார்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் பெயரை எழுத வேண்டும். ஆட்களைப் போக்குவரத்து எண்களாக மாற்றிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் இந்த விதியின் பொருளை விளக்கத் தேவையில்லை. டிக்கர் 1944 அக்டோபரில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். அவர் மாணவர்களில் பெரும்பாலோரும் திரும்பவில்லை. இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்திருந்த படங்கள் போர் முடிந்தபின் பிராகுக்கு வந்தன. ஏறத்தாழ 4,500 தாள்கள். அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் ஓரங்களில் பெயர்கள் இருக்கின்றன.

இந்தப் படங்களை விமர்சகனாக அணுகலாமா என்ற கேள்வி எழும். கண்ணீரோடு பார்த்துவிட்டு நகர்வதுதான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் என் சிக்கல். உலகம் இந்தப் படங்களை அறிந்துகொண்ட தொகுப்புக்குத் தலைப்புத் தந்தது பட்டாம்பூச்சி பற்றிய ஒரு கவிதை. அதைக் குழந்தை எழுதியது என்று நம்புகிறவர்கள் ஏராளம். பாவெல் ஃப்ரீட்மன் 1942 ஜூனில் அதை எழுதியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. டிக்கர் அந்த ஊருக்கே இன்னும் வரவில்லை. ஓர் இளம் கவிஞனின் பிரக்ஞைபூர்வமான கவிதையைக் குழந்தையின் மழலையாக்கியதில் கவிஞனும் தொலைந்தான், குழந்தையும் தொலைந்தது. இங்கிலாந்தில் அஞ்சலட்டை வாங்கியவர்கள் வசந்தத்தைத் தேடினார்கள். இவர்கள் சோகத்தைத் தேடுகிறார்கள். இரண்டிலும் தாளைப் பார்க்கவில்லை. கூரைக்கு அடியில் படிவத்தின் கட்டம் தெரிகிறது என்று கவனிப்பதே அந்தத் தாளைச் செய்தவளுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

விதியும் நகலெடுப்பும் கையைக் கொன்றுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் தங்கள் வாசலைப் பார்க்கலாம். கோலம் கற்கும் பெண் புள்ளிக் கணக்கில் தொடங்குகிறாள். அம்மா போட்டதை அப்படியே போடுகிறாள். தப்பினால் அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். யாரும் அவளைக் கலைஞி என்று புகழ்வதில்லை. சில வருஷங்களில், தெருவில் போகிறவர்கள் இழையைப் பார்த்தே இது இந்த வீட்டுப் பெண் போட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். கோலத்துக்குக் கையெழுத்துத் தேவைப்படாததற்குக் காரணம் தெரு அவளை அறிந்திருப்பது. மண்டபத்து முகாமில் அந்தத் தெரு கிடையாது. அங்கே பெயரை எழுதத்தான் வேண்டும்.

இலவச ஓவிய வகுப்பு நடத்துகிறவர்களில் என் நண்பர்களும் உண்டு. காசு வாங்காமல், சொந்தச் செலவில் காகிதம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்துச் செய்கிறார்கள். அவர்களிடம் கற்பனை, சுதந்திரம் முதலான வார்த்தைகளைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கச் சொல்வேன். கத்தரியைக் கொடுங்கள், களிமண்ணைக் கொடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கணக்கைத் தெளிவாகச் சொல்லுங்கள். அது உங்கள் கணக்கு என்பதையும் சொல்லுங்கள். பரிசு வேண்டாம். தாளின் மூலையில் பெயர் இருக்கிறதா, சாயங்காலம் படம் வரைந்தவரோடு வீட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். குழந்தைகள் எல்லோரும் கலைஞர்களா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.