ஸ்டார் டிரெக் கப்பற்படையின் கல வடிவங்கள்

ஸ்டார் டிரெக் ஓர் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர். இதில் வரும் விண்வெளிக் கப்பற்படையில் பல வகைக் கலங்கள் உள்ளன. தொடக்கத்தில் இந்தப் பன்மை இல்லை. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதல் தொடரில், மாட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த என்டர்பிரைசின் வடிவமே படையின் பிற பெருங்கலங்களுக்கும் பயன்பட்டது. செலவைக் குறைப்பதே இதன் நோக்கம்.

1982இல் வெளியான 'தி ராத் ஆஃப் கான்' படத்தில் ஒரே படையின் இரு கலங்கள் மோதுகின்றன. பார்வையாளர் குழம்பாதிருக்க, ரிலையன்ட் கலத்தின் உந்துபொறிகள் தட்டு வடிவ உடலின் கீழே அமைக்கப்பட்டன. என்டர்பிரைசில் அவை மேலே உயர்ந்து நிற்கும். இங்கு வடிவ வேறுபாடு கதையைப் புரியவைக்கிறது.

1990இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் போர்க் என்னும் எதிரியால் அழிந்த படை காட்டப்பட்டது. அச்சிதைவுகளிற் பல, பிளாஸ்டிக் பொம்மைக் கலங்களின் பாகங்களை மாற்றி ஒட்டிச் செய்யப்பட்டவை. சில நொடிகளே தோன்றினாலும், பல தலைமுறைகளாகக் கட்டிய படை அழிந்தது என்ற இழப்புணர்வை அவை தருகின்றன.

2020இல் 'பிக்கார்ட்' தொடரின் முதற்பருவ இறுதியில் ஒரே வடிவக் கலங்கள் அணிவகுத்தன. ரசிகர்கள் இதைக் குறை கூறினர், அக்குறை நியாயமானதே. உண்மைக் கடற்படைகளில் பழைய கப்பலும் புதிய கப்பலும், போர்க்கப்பலும் சரக்குக் கப்பலும் சேர்ந்தே இயங்குகின்றன. ஒரே அச்சில் வார்த்த படைக்கு எண்ணிக்கை உண்டு, வரலாறு இல்லை.

எனினும் பன்மை மட்டும் போதாது. 1996இன் 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படத்தில் புதிய வகைக் கலங்கள் சில போரிடுகின்றன; ஆனால் எது எப்பணிக்குரியது எனப் படம் சொல்வதில்லை. பணியோ வயதோ புலப்படாத வடிவம் வெறும் அலங்காரமே.