பூவின் பக்கம் நின்று

கோடைத் தோட்டத்தில் பட்டாம்பூச்சி பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சிறகின் பின்னாலேயே கண்ணை ஓட்டுகிறார்கள். வந்தது எது, பெயர் என்ன, படம் எடுத்தாயிற்றா என்பதோடு காட்சி முடிந்துவிடுகிறது. ரசிக்கவேண்டியது பூச்சிக்கும் பூவுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்பது என் கட்சி. அதைக் காண, வெயில் உறைக்குமுன் ஒரே செடியின் முன்னால் பொறுமையாக நிற்கவேண்டும். வருகிறவை தாமே வரும்.

வெட்சியை எடுத்துக்கொள்வோம். இட்லிப்பூ என்று நாம் சொல்லும் அதன் குழல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம். மெல்லிய குச்சி போன்ற அந்தக் குழலின் அடியில்தான் தேன். தேனீயின் நாக்கு அவ்வளவு ஆழம் எட்டாது, அதன் கண்ணுக்குச் சிவப்பும் சரியாகப் பிடிபடாது. கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிக்கு நிறமும் தெரியும், உறிஞ்சுகுழலும் எட்டும். ஆனால் அது கொத்தின்மேல் முழு எடையையும் வைப்பதில்லை. சிறகடித்தபடியே குடித்துவிட்டு அடுத்த பூவுக்குத் தாவுகிறது. பக்கத்திலேயே வெட்டுக்காயப் பூண்டில் இறங்கும் சிறு நீலனோ சிறகை மூடிக் காலூன்றி, ஒரே பூவாகத் தோன்றும் கொத்துக்குள் உள்ள நுண்பூக்களை ஒவ்வொன்றாகத் துழாவும். அமரும் விதத்தை வகுப்பதில் பூவின் அமைப்புக்கும் பெரும் பங்குண்டு. உண்ணிச்செடியில் இன்னும் நுட்பம். புதிதாக மலர்ந்த மஞ்சள் பூக்களில்தான் தேன். பின்னர் அவை ஆரஞ்சாகி, சிவந்து, தேன் வற்றினாலும் உதிராமல் நின்று கொத்தைத் தூரத்திலிருந்து எடுப்பாகக் காட்டுகின்றன. நெருங்கி வந்த பூச்சி மஞ்சளையே நாடுகிறது. பூக்களின் நிறமாற்றம் பூச்சிகளுக்கு இப்படிக் குறிப்புணர்த்துவதை மார்த்தா வைஸ் 1991இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்.

இதெல்லாம் வெறும் பசி, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பசி மட்டும்தான் என்றால் வெந்தய வரியனின் ஆண், வாடிய தேள்கொடுக்குச் செடியில் ஏன் நெடுநேரம் ஒட்டிக் கிடக்கிறது? அங்கே அது தேடுவது தேனை அல்ல, செடியிலுள்ள ஒருவகை ஆல்கலாய்டை. பெண்ணைக் கவரும் மணப்பொருளை அதிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. காய்ந்த தண்டில் ஓர் ஆணின் காதல் ஏற்பாடு நடக்கிறது. பளிச்சென்ற பூவை மட்டும் பார்ப்பவருக்கு இது தட்டுப்படாது. விவரம் தெரிந்தால் அழகு போய்விடும் என்பாரும் உண்டு. உண்ணிக்கொத்தின் கணக்கை அறியாதவருக்கு அது பல வண்ணக் கொத்து. அறிந்தவருக்கு அதே வண்ணங்களோடு, பூச்சி எந்தப் பூவில் வாய் வைக்கும் என்று ஊகித்துக் காத்திருக்கும் சுவையும் கூடுகிறது. எதுவும் குறையவில்லை.

நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான்: உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை மூடிவரும் களை. அதை நட்டு வளர்க்கச் சொல்லமாட்டேன். வேலியோரம் ஏற்கெனவே நிற்பதைப் பார்த்துக் கற்றால் போதும். வீட்டுக்கு வெட்சி இருக்கிறது. புழுவுக்குத் தழையாகக் கறிவேப்பிலையும் வைத்தால், அழகி முட்டையிடவும் வரும். தின்ற இலைகளைப் பார்த்து மருந்தடிக்காமல் இருக்கத் தெரிந்தவரே இந்த ரசனையில் தேர்ந்தவர். ஏனென்றால் அந்த ஓட்டை விழுந்த இலைகளை உண்டு வளர்ந்தவைதான் பூவுக்கு வருகின்றன.